சீட்டு இருக்கிறது, விவசாயி எங்கே? அட்டவணைகளுக்கு இடையே அறுந்த உறவைக் கண்டுபிடிக்கும் வழி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்காய்ப் பருவம் ஓயும் ஜூலை வாக்கில் மண்டிகளில் கணக்கு முடிக்கும் வேலை தொடங்கிவிடும். அப்படி ஒரு வருடம், காவேரிப்பட்டணம் பக்கத்து மண்டி ஒன்றில் கணக்கு மென்பொருளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வயதான விவசாயி ஒருவர் வந்து, மடித்து மடித்து நைந்துபோன இரண்டு எடைச் சீட்டுகளை மேசையில் வைத்தார். "தம்பி, இந்த இரண்டு லோடுக்கும் பணம் வரவில்லை" என்றார். அவர் பெயரைத் தட்டினேன், இல்லை. பட்டுவாடாப் பட்டியலைப் பார்த்தேன், அதிலும் இல்லை. சீட்டு எண்ணைத் தட்டியதும் இரண்டு சீட்டுகளும் திரையில் வந்தன. ரகம், எடை, தேதி எல்லாம் அவர் கையில் இருந்தபடியே இருந்தன. காய் வந்திருக்கிறது, எடை போட்டிருக்கிறார்கள், மாங்கூழ் ஆலைக்கும் அனுப்பியிருக்கிறார்கள். கொண்டுவந்த மனிதர் மட்டும் கணினியில் இல்லை. இரட்டைப் பதிவு என்று நினைத்து யாரோ விவசாயிகள் பட்டியலிலிருந்து அவருடைய வரியை நீக்கியிருந்தார்கள்.

டேட்டாபேஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அறுந்த உறவு சத்தம் போடாது. மென்பொருள் நிற்காது, திரையில் சிவப்பு எழுத்து வராது, அறிக்கை அழகாக அச்சாகும், கூட்டுத்தொகையும் வரும். அந்தத் தொகை இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். அதனால் நாமாகப் போய்த் தேட வேண்டும்.

எது உறவு, எது அறுந்த உறவு

தகவலை அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு அடிப்படையான மாதிரியை 1970-ல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் முன்வைத்தார். ரிலேஷன் என்று அவர் சொன்னது அட்டவணையைத்தான். அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்பை அல்ல. பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். நாம் தேடப்போவது அந்தத் தொடர்பை. ஓர் அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் தனி எண் இருக்கும். அது பிரைமரி கீ. அந்த எண்ணை இன்னோர் அட்டவணை எடுத்து வைத்துக்கொண்டால் அங்கே அது ஃபாரின் கீ. எண்ணைக் கொடுப்பதைத் தாய் அட்டவணை என்றும், வாங்கி வைத்திருப்பதைச் சேய் அட்டவணை என்றும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

கையால் சரிபார்க்கக்கூடிய அளவில் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; கடைசி வரை இதுவே வரும்.

விவசாயி (தாய் அட்டவணை)
101 – சந்தூர்
102 – போச்சம்பள்ளி
103 – பர்கூர்
105 – மத்தூர்
106 – காவேரிப்பட்டணம்

சீட்டு (சேய் அட்டவணை): சீட்டு எண், விவசாயி எண், எடை
1 – 101 – 1,240 கிலோ
2 – 102 – 860 கிலோ
3 – 104 – 1,500 கிலோ
4 – 103 – 700 கிலோ
5 – (வெற்று) – 450 கிலோ
6 – 104 – 980 கிலோ
7 – 105 – 1,100 கிலோ

106-ஆம் எண் விவசாயிக்குச் சீட்டே இல்லை. அது பிழை அல்ல. அவர் இந்த வருடம் காய் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான். 104-ஆம் எண்ணுக்கு இரண்டு சீட்டுகள் இருக்கின்றன, ஆனால் அப்படி ஒரு விவசாயி இல்லை. இதுதான் அறுந்த உறவு. சேய் இல்லாத தாய் இருக்கலாம். தாய் இல்லாத சேய் இருக்கக் கூடாது. ஐந்தாம் சீட்டில் எண்ணே எழுதப்படவில்லை. அது மூன்றாவது வகை, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் நகல்

நடப்பில் இருக்கும் டேட்டாபேஸில் கை வைக்காதீர்கள். முழு நகல் எடுத்து, அதை வேறு பெயரில் மீட்டெடுத்து, அதில்தான் தேட வேண்டும். நகல் எடுத்தால் மட்டும் போதாது. மீட்டெடுக்க முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எந்தெந்த உறவுகள் இருக்கின்றன என்று வரைந்துகொள்ளுங்கள்

டேட்டாபேஸிடமே கேட்கலாம். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் இரண்டிலும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமா என்ற பகுதியில் அறிவிக்கப்பட்ட ஃபாரின் கீ எல்லாம் பதிவாகியிருக்கும். இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூலைட்டில் ஒவ்வொரு அட்டவணைக்கும் பிராக்மா ஃபாரின் கீ லிஸ்ட் என்ற கட்டளை அதைக் காட்டும்.

இதில் ஒரு பட்டியல் வந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் நம் ஊர்ப் பக்கம் சிறு நிறுவனங்களுக்கு எழுதப்பட்ட பழைய மென்பொருள்களில் பெரும்பாலும் வெறும் பக்கம்தான் வரும். உறவு இருக்கும், அறிவிப்பு இருக்காது. எழுதியவர் மனதில் மட்டும் இருந்த உறவு அது. அப்போது நெடுவரிசைகளின் பெயர்களைப் பார்த்து நாமே ஊகிக்க வேண்டும். விவசாயி_எண், ஆலை_எண், வண்டி_எண் என்று முடிபவை எல்லாம் எங்கோ ஒரு தாயைச் சுட்டுகின்றன. அதோடு நின்றுவிடாமல், மண்டியில் கணக்கு எழுதுகிறவரிடம் போய் உட்கார்ந்து, "இந்தக் கட்டத்தில் எதைப் பார்த்து எழுதுகிறீர்கள்?" என்று கேளுங்கள். அரை மணி நேரத்தில் அவர் சொல்வது இரண்டு நாள் ஊகத்தைவிடச் சரியாக இருக்கும்.

எண்ணிப் பாருங்கள்

சீட்டு அட்டவணையை மட்டும் தனியாகக் கூட்டுங்கள். நம் எடுத்துக்காட்டில் 7 சீட்டு, 6,830 கிலோ. பிறகு விவசாயி அட்டவணையோடு சாதாரண ஜாயின் போட்டு (அதாவது விவசாயி எண்ணை வைத்து இரண்டையும் இணைத்து) கூட்டுங்கள். 4 சீட்டு, 3,900 கிலோ வரும். இடையில் 2,930 கிலோ காணாமல் போகிறது. சாதாரண ஜாயின், இரண்டு பக்கமும் ஜோடி இருக்கும் வரிகளை மட்டுமே எடுக்கும். ஜோடி இல்லாததைச் சொல்லாமல் விட்டுவிடும். மண்டியில் அச்சான பட்டுவாடாப் பட்டியல் இப்படித்தான் அந்தப் பெரியவரை விட்டுவிட்டது.

இந்த இரண்டு எண்களும் ஒத்துப்போனால் அந்த உறவை இப்போதைக்குத் தள்ளிவைத்து அடுத்ததற்குப் போகலாம். முழுவதும் நம்பிவிட முடியாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தாயில்லா வரிகளை வெளியே கொண்டுவருதல்

கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். சீ, வி என்பவை சீட்டு, விவசாயி அட்டவணைகளுக்கு வைத்த சுருக்கப் பெயர்கள்.

செலெக்ட் சீ.எண், சீ.விவசாயி_எண், சீ.எடை
ஃப்ரம் சீட்டு சீ
லெஃப்ட் ஜாயின் விவசாயி வி ஆன் வி.எண் = சீ.விவசாயி_எண்
வேர் வி.எண் ஈஸ் நல்

லெஃப்ட் ஜாயின், இடப்பக்க அட்டவணையின் எல்லா வரிகளையும் வைத்துக்கொண்டு, ஜோடி கிடைக்காத இடத்தில் வலப்பக்கத்தை வெற்றாக விடும். அந்த வெற்றுக்குப் பெயர் நல். கடைசி வரி, அப்படி வெற்றாக நின்றவற்றை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. விடை: சீட்டு 3, 5, 6.

ஐந்தாம் சீட்டும் இதில் வந்துவிட்டதைக் கவனியுங்கள். அதற்குத் தாய் தொலைந்துபோகவில்லை. தாய் யாரென்று எழுதவே இல்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் கட்டளையின் முடிவில் "அண்ட் சீ.விவசாயி_எண் ஈஸ் நாட் நல்" என்று சேர்த்தால் 3, 6 மட்டும் வரும். வெற்று எண் கொண்டவற்றைத் தனியாக இன்னொரு முறை எடுங்கள். சில மென்பொருள்கள் வெற்றாக விடாமல் 0 என்றோ -1 என்றோ போட்டு வைக்கும். அவையும் முதல் பட்டியலில் வந்து கலக்கும், பிரித்துவிடுங்கள்.

வரிகளைப் பார்த்த பிறகு விவசாயி எண் வாரியாகத் தொகுத்து எண்ணிக்கை, முதல் தேதி, கடைசித் தேதி மூன்றையும் எடுங்கள். ஒரே எண்ணில் பல சீட்டு தொங்கினால் தாய் வரி நீக்கப்பட்டிருக்கிறது. வெவ்வேறு எண்களில் ஆளுக்கு ஒரு சீட்டு தொங்கினால் தட்டச்சுப் பிழையாக இருக்கும். ஒரே நாளில் எல்லாம் குவிந்திருந்தால், அன்றைக்கு யாரோ ஒரு கோப்பை உள்ளே ஏற்றியிருக்கிறார்கள்.

நாட் இன் என்ற பள்ளம்

புதியவர்கள் பெரும்பாலும் லெஃப்ட் ஜாயினுக்குப் பதில் நாட் இன் ('இந்தப் பட்டியலில் இல்லாதவை') என்று எழுதுவார்கள். படிக்க எளிது. ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நானும் அதில் விழுந்திருக்கிறேன். சீட்டே இல்லாத விவசாயி யார் என்று கண்டுபிடிக்க இப்படி எழுதுகிறோம்:

செலெக்ட் எண் ஃப்ரம் விவசாயி
வேர் எண் நாட் இன் (செலெக்ட் விவசாயி_எண் ஃப்ரம் சீட்டு)

விடை 106 என்று வர வேண்டும். வராது. ஒரு வரிகூட வராது. காரணம் ஐந்தாம் சீட்டின் வெற்றுக் கட்டம். 106 என்பது 101 அல்ல, 102 அல்ல, 104 அல்ல என்றெல்லாம் டேட்டாபேஸ் உறுதியாகச் சொல்லும். "106 என்பது அந்த வெற்று அல்லவா?" என்று கேட்டால் அதற்குத் தெரியாது. தெரியாத ஒன்று நடுவில் வந்ததும் மொத்த விடையும் 'தெரியாது' ஆகிவிடும்; 'ஆம்' என்று உறுதியானதை மட்டும்தான் அது வெளியே தரும். பூஜ்ஜியம் வரிகள் என்று வந்ததைப் பார்த்து "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று எழுந்து போய்விடுவோம். அதனால் நாட் இன் எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டு நாட் எக்ஸிஸ்ட்ஸ் அல்லது லெஃப்ட் ஜாயின் எழுதுங்கள். இரண்டும் 106 என்றே விடை தரும்.

பார்க்க ஒன்று, உள்ளே வேறு

எண்ணுக்குப் பதிலாக ஊர்ப் பெயரையோ ரகத்தின் பெயரையோ சாவியாக வைத்திருக்கும் அட்டவணைகள்தான் எனக்கு அதிக வேலை வைத்திருக்கின்றன. பக்கத்து மாவட்டத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி என்றும் எழுதுகிறோம், தர்மபுரி என்றும் எழுதுகிறோம். மண்டியில் பெங்களூரா என்று எழுதுவார்கள். ஆலையிலிருந்து வரும் பட்டியலில் அதே மாங்காய் தோத்தாபுரி என்று இருக்கும். மனிதனுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு இரண்டு. சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்ட ஓர் இடைவெளியும் இதையே செய்யும். எண்ணிலும் தப்பிக்க முடியாது: 0104 என்ற எண்ணை எக்செல் திறந்து சேமித்தால், முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் போய் 104 ஆகிவிடும்.

இவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள். தமிழில் கண்ணுக்கே தெரியாத ஒன்று இருக்கிறது. 'போச்சம்பள்ளி' என்ற சொல்லின் முதல் எழுத்தில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ஒரே குறியாகவும் வைக்கலாம். முன்னால் வரும் இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்தும் வைக்கலாம். திரையில் ஒரு மயிரிழை வித்தியாசமும் தெரியாது. நீளத்தைக் கேட்டால் ஒன்று 12 என்று சொல்லும், மற்றது 13 என்று சொல்லும். பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை வந்து சேர்ந்துவிடும். பிறகு "இரண்டு இடத்திலும் போச்சம்பள்ளி என்றுதான் இருக்கிறது, ஏன் ஜோடி சேரவில்லை?" என்று நாள் முழுக்கத் திரையை முறைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் சொற்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. தாயில்லா வரிகளின் பட்டியலில் ஊர்ப் பெயர் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால், உடனே எழுத்து நீளத்தைக் கேளுங்கள். போஸ்ட்கிரெஸ் 13-ஆம் பதிப்பிலிருந்து நார்மலைஸ் என்ற செயல்பாடு இருக்கிறது. அது இரண்டு வடிவங்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். மற்றவற்றில் கோப்பை ஏற்றும் நிரலிலேயே இந்த வேலையைச் செய்துவிடலாம். ஆனால் நிரந்தர மருந்து ஒன்றுதான்: பெயரைச் சாவியாக வைக்காதீர்கள். ஊருக்கு ஓர் எண் கொடுங்கள். பெயர் ஒரே இடத்தில் மட்டும் இருக்கட்டும்.

உறவு இருக்கிறது, ஆனால் தவறான தாய்

எண்ணிக்கை ஒத்துப்போனாலும் முழுவதும் நம்ப முடியாது என்று சொன்னேனே, அது இதற்காகத்தான். 104-ஆம் விவசாயியை நீக்கிய பிறகு, அதே 104 என்ற எண் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குக் கிடைத்தால் என்ன ஆகும்? லெஃப்ட் ஜாயின் எதையும் காட்டாது. பெரியவரின் மாங்காய்ப் பணம் வேறொருவர் கணக்கில் போய்ச் சேரும். இது கற்பனையான பயம் அல்ல. எஸ்க்யூலைட்டில் ஆட்டோஇன்கிரிமென்ட் என்று தனியாகச் சொல்லாவிட்டால், கடைசி எண்ணுள்ள வரியை நீக்கியதும் அந்த எண்ணே அடுத்த வரிக்குத் திரும்ப வரும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி வகை அட்டவணை, 8.0 பதிப்புக்கு முன்பு வரை, சர்வரை நிறுத்தித் திரும்ப இயக்கினால் இருப்பதிலேயே பெரிய எண்ணைப் பார்த்து அங்கிருந்து தொடரும். எனவே கடைசியாக நீக்கிய எண்கள் திரும்பவும் உயிர் பெற வாய்ப்பு இருந்தது.

இதைப் பிடிக்கத் தேதிதான் துணை. சீட்டின் தேதி, விவசாயி பதிவான தேதிக்கு முந்தியதாக இருக்கும் வரிகளை எடுங்கள். பதிவாவதற்கு முன்பே ஒருவர் காய் கொண்டுவந்திருக்க முடியாது. பதிவுத் தேதி என்ற கட்டமே உங்கள் அட்டவணையில் இல்லை என்றால், இன்றே சேர்த்துவிடுங்கள்.

எண் மாறாமலேயே பொருள் மாறுவதும் உண்டு. 2004 பிப்ரவரி 9-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முந்திய பதிவுகளில் ஓசூர்க்காரருக்கும் பர்கூர்க்காரருக்கும் மாவட்டம் தருமபுரி என்றே இருக்கும். உறவு அறுந்திருக்காது, மாவட்ட வாரியாகக் கூட்டும்போதுதான் கணக்கு இடறும். இப்படிப்பட்ட இடங்களில் பழைய வரியைத் திருத்தாமல், எந்தத் தேதி முதல் எந்த மாவட்டம் என்று தனி அட்டவணையில் வைப்பதே நேர்மையான வழி.

எப்படி அறுந்தது

காரணத்தைக் கண்டுபிடிக்காமல் சரிசெய்தால் அடுத்த பருவத்தில் அதே இடத்தில் மறுபடியும் அறும். கையால் நீக்கியது ஒரு காரணம். மற்றவை பெரும்பாலும் அமைப்பில் இருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் மைஐசாம் வகை அட்டவணையில் நீங்கள் ஃபாரின் கீ எழுதினால், பிழை சொல்லாமல் ஏற்றுக்கொண்டு, காவல் காக்காமல் விட்டுவிடும். 5.5 பதிப்புக்கு முன்பு அதுதான் இயல்பான வகை. அந்தக் காலத்து மென்பொருள்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ காவல் இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் அதை இயக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் நகலை ஏற்றும்போது ஃபாரின் கீ செக்ஸ் என்பதை 0 ஆக்கிவிட்டு ஏற்றுவது வழக்கம். திரும்ப 1 ஆக்கினால், இடையில் நுழைந்த தவறான வரிகளை அது திரும்பிப் பார்க்காது. "காவலை மறுபடியும் போட்டுவிட்டேன், எனவே எல்லாம் சரி" என்று நினைக்க வேண்டாம்.

சரிசெய்தல்

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் யோசனை, தாயில்லா வரிகளை நீக்கிவிடு என்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நம் எடுத்துக்காட்டில் அது 2,480 கிலோ மாங்காய். ஒரு குடும்பம் ஆள் வைத்துப் பறித்து, வண்டி வாடகை கொடுத்துக் கொண்டுவந்த காய். திரையில் அது வெறும் இரண்டு வரிகளாகத் தெரிகிறது.

104 யார் என்று தேடுங்கள். பழைய நகலில் அவர் வரி இருக்கலாம். மண்டியின் பேரேட்டில் இருக்கலாம். சீட்டின் அடிக்கட்டையில் பெயர் இருக்கலாம். கிடைத்தால் அதே 104 என்ற எண்ணைக் கொடுத்துத் தாய் வரியைத் திரும்ப எழுதுங்கள். இரண்டு சீட்டுகளும் தாமாக ஒட்டிக்கொள்ளும். உண்மையிலேயே இரட்டைப் பதிவாக இருந்தால் (அதே ஆள் 102 என்றும் பதிவாகியிருந்தால்) சீட்டுகளில் இருக்கும் 104-ஐ 102 ஆக்குங்கள். அன்றைக்கு அந்த ஊழியர் இந்த வேலையை முதலில் செய்துவிட்டு, பிறகு வரியை நீக்கியிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது.

இரண்டும் முடியாதவற்றைத் தனி அட்டவணைக்கு மாற்றி, எந்தத் தேதியில், எந்தக் காரணத்தால் மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். ஐந்தாம் சீட்டும் எடை மேடைக்காரரைக் கேட்கும் வரை அங்கே இருக்கட்டும். அதை நகர்த்துவதில் ஓர் இடத்தில் எழுதி இன்னோர் இடத்தில் நீக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் செய்யுங்கள்; அதற்குள் இருப்பவை எல்லாம் நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது. பாதியில் மின்சாரம் போனாலும் காய் தொலையாது.

பூட்டுப் போடுதல்

பட்டியல் காலியான பிறகு ஃபாரின் கீ-யை முறையாக அறிவியுங்கள். ஒரு வரி மிச்சம் இருந்தாலும் டேட்டாபேஸ் மறுக்கும். அந்த மறுப்பு நமக்கு நல்லது. போஸ்ட்கிரெஸில் பெரிய அட்டவணையாக இருந்தால் முதலில் நாட் வேலிட் என்று சேர்த்துப் புதிய வரிகளுக்கு மட்டும் காவல் போட்டுவிட்டு, பழையவற்றைச் சரிசெய்த பிறகு வேலிடேட் கான்ஸ்ட்ரெயின்ட் என்று முழுவதையும் சரிபார்க்கச் சொல்லலாம். அங்கே சீட்டு அட்டவணையின் விவசாயி_எண் நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் (வரிகளை விரைவாகத் தேட உதவும் அகரவரிசை போன்றது) தானாக வராது, நாமே போட வேண்டும். இன்னோடிபி தானே போட்டுக்கொள்ளும்.

தாயை நீக்கினால் சேய்க்கு என்ன ஆக வேண்டும் என்றும் அந்த அறிவிப்பிலேயே சொல்லலாம். காஸ்கேடு என்று சொன்னால் சேயும் சேர்ந்து நீங்கும். பணம் சம்பந்தப்பட்ட கணக்கில் அதை வைக்கவே வைக்காதீர்கள். உறவு அறுவதற்குப் பதில் சீட்டே மறைந்துவிடும், தேடவும் வழி இருக்காது. ரெஸ்ட்ரிக்ட் என்று வையுங்கள்; சேய் இருக்கும் வரை தாயை நீக்க விடாது. வராத விவசாயியை நீக்க வேண்டும் என்று மண்டியில் கேட்டால், 'நடப்பில் இல்லை' என்று ஒரு கட்டம் சேர்த்து அதில் குறி போடச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. நகலிலேயே 101-ஆம் விவசாயியை நீக்கிப் பாருங்கள். சீட்டு 1 அவரைச் சுட்டுவதால் முடியாது என்று பிழைச் செய்தி வர வேண்டும். வந்தால், நகலில் செய்த அதே வேலைகளை, அதே வரிசையில், மண்டி மூடிய பிறகு நடப்பு டேட்டாபேஸில் செய்யுங்கள்.